சனிக்கிழமைப் புகை

ஞாயிறு முதல் வெள்ளி வரை வான்மதி வீட்டு விறகடுப்பைப்போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாலு ஓக் கட்டைகளை அடுக்கிப் பற்றவைத்தால், அரை மணி நேரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தீ நிதானமாக ஆடும். புகை முழுக்கக் குழாய் வழியே மேலே போய்விடும். ஹாலுக்குள் ஓர் இழைகூட வராது.

சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால், அதே அடுப்பு ஹாலுக்குள் புகையைத் துப்பும்.

இது நான்காவது சனிக்கிழமை.

விறகு ஈரமோ என்று சந்தேகப்பட்டு, ஈரம் பார்க்கும் கருவியை வாங்கிவந்து கட்டை கட்டையாகக் குத்திப் பார்த்துவிட்டாள். பதினாறு சதவிகிதம். இருபதுக்குக் கீழே இருந்தால் நல்ல விறகு. சிம்னி அடைத்திருக்கிறதோ என்று புதன்கிழமை ஆள் வரவழைத்தாள். அவர் கூரைமேல் ஏறி பிரஷ்ஷை விட்டு இழுத்து, அரை வாளிக் கரியை எடுத்துக் காட்டினார். பிறகு தானே தீ மூட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அடுப்பு அவர் எதிரில் தங்கமாக நடந்துகொண்டது.

"உள்ளே மேல்தட்டில் விரிசல் விட்டிருக்கிறது, இந்தக் குளிரோடு அடுப்பையே மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமைப் புகைக்கு அவரிடமும் பதில் இல்லை.

வான்மதிக்கு இதுதான் எரிச்சல். அவள் பிழைப்பே சாஃப்ட்வேரைச் சோதிப்பது. ஒரு கோளாறு எப்போது வருகிறது, எப்போது வராது என்று கண்டுபிடிக்காமல் அதைச் சரிசெய்ததாகச் சொல்பவர்களை அவள் பதினாறு வருஷமாக மீட்டிங்கில் திட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது அவள் வீட்டிலேயே ஒன்று.

எரிச்சலுக்கு மேல் பயமும் இருந்தது. போன வருஷம் ஜனவரியில் மரம் விழுந்து கரண்ட் கம்பி அறுந்து, வெஸ்ட் வின்ட்சரில் அவர்கள் தெரு நாலு நாள் இருட்டில் கிடந்தது. வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் கரண்ட்டில் ஓடுவது. மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊர் மான்மவுத் ஜங்ஷனில் தோழி ஷ்யாமளா வீட்டில் போய்ப் படுத்தார்கள். அப்போதுதான் வீட்டின் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன, அவர்கள் அதுவரை மூட்டியிராத விறகடுப்பின் அருமை தெரிந்தது. அப்போதுதான் கணவன் சபரிக்கு டெக்சஸ் ஆசையும் வந்தது.

போன வாரம் டெக்சஸில் டல்லாஸ் ஆபீசிலிருந்து வந்த வேலைக் கடிதத்தோடு அவன் சமையலறையில் நின்றதும், திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றதும், வான்மதி கையிலிருந்த தட்டைச் சத்தமாக வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து வீடு மாறியவள் அவள். இந்த ஆறாவது வீட்டுப் பத்திரத்தில்தான் முதன்முதலாக அவள் பெயரும் இருக்கிறது.

கடைசியில் சபரி ஒரு வார்த்தை கொடுத்தான். "இந்தப் புகை நிக்கட்டும், வான்மதி. குளிர்ல நம்பி இருக்கற மாதிரி ஒரு அடுப்பு இந்த வீட்ல வரட்டும். நான் டெக்சஸ் பேச்சையே எடுக்கல."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு வாரத்தை ஓட்டினாள்.

*

இந்தச் சனிக்கிழமை இன்னொரு விசேஷம். சபரியின் அக்கா வசந்தாமணி டல்லாஸை ஒட்டிய காப்பெல்லிலிருந்து வருகிறார். மகனுக்குக் காலேஜ் பார்க்க வருவதாகப் பெயர். தம்பியை டெக்சஸுக்குத் தள்ளிக்கொண்டு போகத்தான் வருகிறார் என்பது வான்மதியின் கணக்கு.

அக்காவுக்காகச் சபரி பள்ளிபாளையம் சிக்கனில் இறங்கியிருந்தான். சனிக்கிழமை சமையல் எப்போதும் அவனுடையது. சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்து, நாற்பது வரமிளகாய் உள்ளே விழுந்தது.

ஹாலில் வான்மதி அடுப்புக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒழுங்காகத்தான் எரிந்தது. மணி பன்னிரண்டு இருபது. கண்ணாடிக் கதவின் ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு நாக்கு வெளியே நீண்டது. பிறகு இன்னொன்று.

"வந்துருச்சு!" என்று கத்தினாள்.

"அம்மா, ஸ்மோக்! அகெய்ன்!" மாடியிலிருந்து பதினோரு வயது வெண்பா இறங்கி ஓடிவந்தாள். வந்தவள் மூக்கை ஸ்வெட்டருக்குள் புதைத்துக்கொண்டாள்.

கூரையில் இருந்த அலாரம் அலறியது. சபரி கரண்டியோடு ஓடிவந்தான்.

"நான் அப்பவே சொன்னேன். அடுப்பு போச்சு. பதினாலு மாடல் பாத்து லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன். வாங்கித் தொலைக்கலாம்னா, டெஸ்ட் பண்றேன் டெஸ்ட் பண்றேன்னு..."

"ஏனுங்க, புதன்கிழமை ஒழுங்கா எரிஞ்ச அடுப்பு, வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை எரிஞ்ச அடுப்பு, இன்னைக்கு மட்டும் எப்படிங்க போகும்?" கோபம் வந்தால்தான் வான்மதிக்கு மரியாதை கூடும்.

அந்த நேரம் வாசல் கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது. வாசலில் பெரிய பெட்டியோடு வசந்தாமணி. ஒரு கை இன்னும் பூட்டின் மேல் நீட்டியபடி இருந்தது.

"என்ன சாமி, வீடு பத்திக்கிச்சா?"

"வாங்க நங்கையா. ஒண்ணுமில்ல, சனிக்கிழமை" என்று நாத்தனாரை வரவேற்றாள் வான்மதி.

வசந்தாமணி பெட்டியை இழுத்து உள்ளே கொண்டுவருவதற்குள், ஒரு நிமிஷம் கதவு திறந்தே கிடந்தது. குளிர்காற்று வீசியடித்தது. வான்மதி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பல் நாக்குகள் காணாமல் போயிருந்தன. தீ நிமிர்ந்து நின்று எரிந்தது.

"பாத்தியா, அக்கா காலடி பட்டதும் அடுப்பு அடங்கிருச்சு" என்றான் சபரி. சமையலறை ஃபேனை அணைத்துவிட்டு, சிக்கனைப் பாதியில் மூடிவைத்தான்.

வசந்தாமணி கோட்டைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். "காப்பெல்லுக்கு வந்துருங்கன்னா கேக்கறீங்களா? அடுப்பும் வேண்டாம், விறகும் வேண்டாம். சனிக்கிழமை மட்டும் புகையுதுன்னா அது அடுப்போட கோளாறு இல்ல வான்மதி, கட்டத்தோட கோளாறு. என்ற தம்பிக்கு ஏழரை நடக்குது."

வான்மதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

*

மூன்று மணிக்கு நாலு பேரும் ரூட் ஒன் நெடுஞ்சாலை மேல் இருந்த அடுப்புக் கடையில் நின்றார்கள். கடை பூராவும் இரும்பு வாசனை. வரிசையாக முப்பது அடுப்புகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு.

"நீங்கள் தமிழோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள் கடையில் இருந்த பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "நான் றெஜினா. வளர்ந்தது டொரொண்டோ. அங்க இது இல்லாட்டி ஏலாது."

சபரி நேராகப் போய்க் கடையிலேயே பெரிய அடுப்பைத் தட்டிக்காட்டினான். "இதுதான். என் லிஸ்ட்ல நம்பர் ஒன்."

"உங்கட வீடு எத்தினை சதுர அடி?"

"ரெண்டாயிரத்து நூறு."

"அப்ப இது பெரிசு அண்ணா."

"பெருசா இருந்தா நல்லதுதானே? வேணும்னா கொறச்சு எரிச்சுக்கலாம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை." றெஜினா அடுப்புக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுக் காட்டினாள். "இதை முழுசா எரிச்சால் வீட்டுக்குள்ள இருக்க ஏலாது, அவ்வளவு சூடு. உடனே நீங்கள் காத்தைக் குறைப்பியள். காத்துக் குறைஞ்சால் விறகு வடிவா எரியாது, புழுங்கும். புழுங்கின புகை குழாயில தார் மாதிரிப் படியும். ஒருநாளைக்கு அந்தத் தார் சிம்னிக்குள்ளயே பத்தும். சின்ன அடுப்பை நல்லா எரியவிடுறதுதான் புத்தி."

வான்மதிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. ஒரு பொருளை விற்கும்போதே அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்பவர்கள் குறைவு.

நடுத்தர அளவில் ஒன்றை றெஜினா காட்டினாள். பின்பக்கம் கைமணிக்கட்டு அகலத்தில் ஒரு துளை. அதில் ஒரு குழாயைப் பொருத்தி வீட்டுச் சுவர் வழியாக வெளியே விட்டால், தீக்கு வேண்டிய காற்றை வீட்டுக்குள்ளிருந்து எடுக்காமல் வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

"இன்னைக்கே ஆர்டர் போட்டுடலாம்" என்றான் சபரி. "சனிக்கிழமையானா எங்க அடுப்பு புகையைக் கக்குது. அதான் அவசரம்."

றெஜினாவின் பேனா நின்றது. "சனிக்கிழமை மட்டுமோ? மற்ற நாளில இல்லையோ?"

"மட்டும்தான்" என்றாள் வான்மதி.

"அப்ப நான் இண்டைக்கு விக்க மாட்டன், அக்கா. அடுப்புக்கு நாள் கிழமை தெரியாது. சனிக்கிழமை உங்கட வீட்டில வேற என்னவோ நடக்குது. அதைக் கண்டுபிடியாமல் புதுசைக் கொண்டுபோய் வைச்சால் புதுசும் புகைக்கும். பிறகு என்னைத்தான் ஏசுவியள். கடை ஏழு மணி வரைக்கும். கண்டுபிடிச்சிட்டு ஃபோன் எடுங்கோ."

"விக்க மாட்டேங்கற கடையை இப்பத்தான் பாக்கறேன்" என்று முணுமுணுத்தான் சபரி.

*

திரும்பி வரும்போது காரைச் சபரி ஓட்டினான். வான்மதி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை என்ன வேறு? எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். துணி துவைக்கும் மெஷின் ஓடுகிறது. காயவைக்கும் மெஷின் ஓடுகிறது. வெண்பா மாடியில் அரை மணி நேரம் குளிக்கிறாள். சபரி சமைக்கிறான்.

பின்சீட்டில் வசந்தாமணி வெண்பாவிடம் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "உங்க வீட்டுக் கதவுக்கு மரியாதையே தெரியல கண்ணு. நான் தள்ளவே இல்ல. உங்கப்பன் சொன்ன நம்பரைப் போட்டு, கொஞ்சம் திருகினேன். என்ற கையில இருந்து பிடுங்கிட்டு உள்ள போச்சு. யாரோ உள்ள இருந்து இழுத்த மாதிரி."

வான்மதி திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"கதவு பிடுங்கிட்டுப் போச்சுங்கறேன்."

"வெளிய காத்து அடிச்சுதா?"

"ஒரு இலை ஆடல. ஏன்?"

வெளியே காற்றில்லை. ஆனால் கதவு திறந்ததும் காற்று வீட்டுக்குள் பாய்ந்திருக்கிறது. அப்படியென்றால் உள்ளே காற்று குறைந்திருக்கிறது. கதவு திறந்து கிடந்த அந்த ஒரு நிமிஷத்தில்தான் புகையும் நின்றது.

"வேகமாப் போங்க" என்றாள்.

"அறுபத்தஞ்சுல போறேன்."

"எழுவதுல போங்க!"

*

வீட்டுக்குள் நுழைந்ததும் பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்தாள். அடுப்பில் மத்தியானத்துத் தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இடுக்குக்கு முன்னால் எரியும் ஊதுபத்தியைப் பிடித்தாள். பத்தியின் புகை சாய்ந்து இடுக்குக்குள் போயிற்று.

"இப்படித்தான் இருக்கணும். உள்ள போகுது பாருங்க. சிம்னி இழுக்குது." மற்றவர்களை ஒவ்வோர் இடமாக நிறுத்தினாள். "வெண்பா, மேல போய் பாத்ரூம் ஃபேன் போடு. சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போடு."

"ஆன்!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

பத்திப் புகை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் உள்ளேதான் போனது.

"நங்கையா, ட்ரையரை ஓட விடுங்க."

இன்னும் கொஞ்சம் தயக்கம். அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் அணைங்க. இப்ப நீங்க. மத்தியானம் என்ன பண்ணினீங்களோ அதையே பண்ணுங்க."

"சிக்கனைத் திருப்பி முதல்ல இருந்தா?"

"சிக்கன் வேண்டாம். சமையல் அடுப்பு மேல இருக்கற ஃபேனைப் போடுங்க."

சபரி பொத்தானை அழுத்தினான். மூன்றாம் நம்பர். விமானம் கிளம்புவதுபோல ஓர் இரைச்சல். ஊதுபத்தியின் புகை ஒரு கணம் செங்குத்தாக நின்றது. பிறகு அப்படியே திரும்பி, வான்மதியின் முகத்தில் அடித்தது. அடுப்பின் இடுக்கிலிருந்து சாம்பல் நாக்கு நீண்டது.

அலாரம் மறுபடி அலறியது.

"அணைங்க! அணைங்க!"

அணைத்தான். புகை திரும்பி அடுப்புக்குள் போனது.

"அதெப்படி?" என்றான் சபரி. "ஃபேன் புகையை வெளிய தள்ளறதுதானே? உள்ள எப்படிக் கொண்டுவரும்?"

"டெட்ரா பேக் ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினா பெட்டி என்ன ஆகும்?"

"ஒடுங்கும்" என்றாள் வெண்பா, ஆச்சரியமாகத் தமிழில்.

"ஏன்னா வெளிய போனதுக்குப் பதிலா உள்ள ஒண்ணும் வரல. நம்ம வீடு ஒடுங்காது. அதனால எங்க ஓட்டை இருக்கோ அங்கிருந்து காத்தை இழுக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆளை வெச்சு ஒரு ஓட்டை விடாம நுரை அடிச்சு அடைச்சோம். எறும்புகூட நுழையாதுன்னு நீங்களே ஊரெல்லாம் சொன்னீங்க. மிச்சம் இருக்கற பெரிய ஓட்டை ஒண்ணே ஒண்ணுதான்." சிம்னியைக் காட்டினாள். "ஃபேன் சிக்கன் புகையை வெளிய தள்ளுது. அந்தக் காத்துக்குப் பதில் காத்து சிம்னி வழியா இறங்குது. வரும்போது விறகுப் புகையையும் கூட்டிட்டு வருது. கண்ணுக்குத் தெரியற புகை மட்டும் இல்ல, வாசனையே இல்லாத விஷ வாயுவும் அதுல உண்டு."

"வாரநாள்ல?"

"வாரநாள்ல நான் ஃபேன் போடறதில்ல. ஆறு மணிக்கு கலிஃபோர்னியா டீமோட மீட்டிங் பேசிட்டேதான் சமைக்கறேன். அந்தச் சத்தத்துல யாரு பேசறது? ஞாயித்துக்கிழமை சனிக்கிழமைக் கறியைச் சூடு பண்றதோட சரி. சிம்னிக்காரர் புதன்கிழமை வந்தார். வரமிளகா சனிக்கிழமைதான் வருது."

சபரி ஃபேனை அண்ணாந்து பார்த்தான். அவன் முகம் சுருங்கிவிட்டது.

அந்த ஃபேன் அவன் ஆசை ஆசையாக வாங்கியது. டிசம்பர் தொடக்கத்தில் ஸ்கூல் பஸ்ஸில் ஒரு பையன், உன் ஜாக்கெட் ஏன் சாப்பாடு மாதிரி நாறுகிறது என்று வெண்பாவைக் கேட்டுவிட்டான். அவள் அன்றைக்கு ஜாக்கெட் போடாமல் நடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரமே சபரி, ரெஸ்டாரண்டில் மாட்டுவதுபோல, சந்தையில் இருப்பதிலேயே பலமான ஃபேனைக் கொண்டுவந்து மாட்டினான். தாளிப்பு வாசம் ஒரு நூல் துணியில்கூட ஒட்டக் கூடாது என்று.

வான்மதிக்கு அது தெரியும். அதனால் குரலைக் குறைத்துக்கொண்டாள். "ஃபேன் தப்பில்லைங்க. வெளிய போற காத்துக்குப் பதில் காத்து வர வழி வெக்கல. அவ்வளவுதான்."

"அப்போ வழி வெச்சா?"

"வெச்சுப் பாப்போம்."

சமையலறை ஜன்னலை இரண்டு அங்குலம் தூக்கினாள். ஃபேன் மூன்றாம் நம்பர். பத்திப் புகை இன்னும் வெளியேதான் வந்தது. நாலு அங்குலம். புகை இங்குமங்கும் அலைந்தது. ஒரு சாண் திறந்து, ஃபேனை இரண்டாம் நம்பருக்கு இறக்கினாள். பத்திப் புகை மெல்லச் சாய்ந்து, அடுப்புக்குள் போய், அங்கேயே போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கையை அசைக்காமல் பிடித்திருந்தாள். மாறவில்லை.

"ஜனவரி மாசத்துல ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வீட்டைச் சூடு பண்றதா?" வசந்தாமணி கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். "டெக்சஸ்ல இந்தக் கூத்தெல்லாம் இல்லப்பா."

"சமைக்கற அரை மணி நேரம்தானுங்க நங்கையா. பத்து நிமிஷத்துல வீடு திரும்பச் சூடாகிடும்." வான்மதி சபரியைப் பார்த்தாள். "புகை நின்னுருச்சு. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க."

சபரி பாதி வெந்த சிக்கன் சட்டியின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினான்.

"சொன்னேன்."

"அப்ப திங்கக்கிழமை என்ன பதில்?"

"நாளைக்குப் பேசலாம், வான்மதி."

"புகை நின்னா பேச்சே எடுக்க மாட்டேன்னீங்க. இப்ப நாளைக்கு எதைப் பேசறது?"

அவன் அக்காவைப் பார்த்தான். வசந்தாமணி அவசரமாக எழுந்து பெட்டியைத் திறக்கப் போனார். "என்னை ஏன்டா பாக்கற? நான் எதையும் சொல்றதா இல்ல" என்று போகிற போக்கில் சொன்னார்.

வான்மதிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. அக்காவுக்குத் தெரிந்தது, தனக்குத் தெரியாதது. புகையை மட்டும் சாக்காக வைத்துக்கொண்டு ஒரு வாரமாக இந்த மனுஷன் வேறு எதையோ மூடிவைத்திருக்கிறார்.

கேட்க வாயெடுத்தாள். மணி ஆறு நாற்பது. கடை மூடுவதற்குள் கூப்பிட வேண்டும். யார் என்ன மூடிவைத்திருந்தாலும், இந்த வீட்டுக்கு ஓர் அடுப்பு வேண்டும். அதை அவள் யாரையும் கேட்டுச் செய்யப்போவதில்லை.

"றெஜினா, கண்டுபிடிச்சுட்டேன். கிச்சன் ஃபேன்."

"ஓம், நினைச்சனான்!" மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "எவ்வளவு பெரிசு?"

"ரெஸ்டாரண்ட் அளவு."

"கடவுளே. அப்ப நான் காட்டின நடு அளவு அடுப்பை எடுங்கோ, வெளிக்காத்துக் குழாயோட. ஆனால் அதை மட்டும் நம்பாதையுங்கோ. அடுப்புக் கதவைத் திறக்கிற நேரம் ஃபேன் ஓடினால் அதுவும் புகைக்கும். ஃபேன் போட்டால் தானாத் திறக்கிற காத்துக் கதவு ஒண்டு இருக்கு. எலெக்ட்ரீசியன் வந்து சுவரில பூட்டுவார். அதுவரைக்கும் ஜன்னல்தான்."

"ஆர்டர் போடுங்க. என் பேர்ல."

ஃபோனை வைத்தாள். மேஜை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, ஃபேன் பொத்தானுக்கு நேர் மேலே ஒட்டினாள். சபரி பக்கத்தில் வந்து நின்று படித்தான்.

விறகடுப்பு எரியும்போது:
சமையலறை ஜன்னலை முதலில் ஒரு சாண் திறக்கவும்.
அதற்கப்புறம் ஃபேன். இரண்டாம் நம்பருக்கு மேல் கிடையாது.
ஃபேனை அணைத்த பிறகுதான் ஜன்னலை மூடவும்.

(தொடரும்)